எத்தினையாம் பிள்ளை?

தம்பி,

பதினொரு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அம்மா அடித்தால் எடுக்கிறாய், நான் அடித்தால் எடுப்பதில்லை. அம்மாவின் போனில் இருந்து நான் அடித்துப் பார்த்தேன். என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வைத்துவிட்டாய். கெட்டிக்காரன்தான். சரி, எழுதியாவது பார்ப்போம் என்று சமையலறை மேசையில் இருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் லண்டன் பஸ் ஓடியவனுக்கு எழுத்து என்றால் விபத்து அறிக்கை எழுதிய பழக்கம் மட்டும்தான். அதில் மூன்று கேள்விகள் இருக்கும். எங்கே நடந்தது, என்ன நடந்தது, யாருடைய பிழை. மூன்றாவதுக்குப் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: என்னுடைய பிழை. மற்ற இரண்டையும் ஆறுதலாகத்தான் சொல்ல முடியும். நீ நேரம் கிடைக்கும்போது இருந்து வாசி.

உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை. அழைப்பிதழ்ப் பெட்டி வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை நீயும் வீட்டுக்கு வந்திருந்தாய். பெட்டியைத் திறந்து ஒரு கார்டை எடுத்தாய். உன் பேருக்கு முன்னால் தங்க எழுத்தில் ‘வைத்திய கலாநிதி’ என்று இருந்தது. நீ டொக்டர் படிப்பை நாலாம் வருஷத்தில் விட்டு ஏழு வருஷம் ஆகிறது. வோல்தம்ஸ்ரோவில் சைக்கிள் திருத்துகிற பட்டறையில் வேலை செய்கிறாய். நீ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். “அப்பா, இந்தக் கார்டிலை இருக்கிற ஆளுக்கே நீங்கள் கலியாணத்தைச் செய்து வையுங்கோ. நான் வரேல்லை,” என்று சொல்லி, கார்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். அபிராமிக்கும் ஹவுன்ஸ்லோவில் இருக்கிற அவளுடைய தாய் தகப்பனுக்கும் முதல் நாளில் இருந்தே உண்மை தெரியும். உன்னைத் தெரிந்துதான் பெண் தருகிறார்கள். இந்தப் பொய் முழுக்க நம் பக்கத்துச் சொந்தக்காரருக்காக நான் சொன்னது. அதனால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எங்கே தொடங்கியது என்று யோசித்தால் அந்தச் சைக்கிள் ரேஸில் வந்து நிற்கிறேன். டூர் டி பிரான்ஸ் லண்டனில் இருந்து தொடங்கிய வருஷம் உனக்குப் பத்து வயது. உலகமே பார்க்கிற ரேஸ் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ரோட்டை மூடிவிட்டார்கள், பஸ் சுற்றிப் போக வேண்டும், சனம் எல்லாம் என்னைத்தான் திட்டும் என்பது மட்டும் தெரியும். “சைக்கிள் ஓடுறதுக்கு லண்டனையே மூடுறாங்கள், விசரங்கள்,” என்று அம்மாவிடம் கத்தினேன். அடுத்த நாள் எனக்கு லீவு. நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். காலையில் இருந்து கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு நின்றோம். வந்தார்கள். ஒரு காற்று, சங்கிலிச் சத்தம், நிறம் நிறமாகச் சட்டைகள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. “இதுக்கோ காலமை தொடக்கம் நிண்டனாங்கள்?” என்றேன். நீ ஆட்கள் கலைந்த பிறகும் அவர்கள் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன்னைப் பஸ் ஏற்றி எட்மண்டனில் நம் வீட்டுக்குக் கூட்டிவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையும் மூன்று கிழமை நம் வீட்டில் வேறு கதை இல்லை. எனக்கு விடிய ஷிப்ட், இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் நிற்பேன். நீ பள்ளிக்கூடத்தால் ஓடிவந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பாய். முதலில் உனக்காகத்தான் நானும் இருந்தேன். பிறகு எனக்கே அது பிடித்துப்போனது. ஏன் என்று உனக்கு நான் சொல்லவே இல்லை. நான் பிரான்சைக் கடந்து இந்த நாட்டுக்கு வந்தவன் அல்லவா? லொறியின் பின்பக்கத்தில், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில், இன்னும் பதினைந்து பேரோடு, தார்ப்பாயை இழுத்துக் கட்டியபடி. பிரேக் பிடிக்கிற சத்தமும், வளைவில் உடம்பு ஒரு பக்கம் போய் அடிபடுவதும்தான் நான் கண்ட பிரான்ஸ். இப்போது ஹெலிகொப்டரில் இருந்து ஒவ்வொரு ஊராகக் காட்டுகிறார்கள். சூரியகாந்தித் தோட்டம், ஆறு, பாலம், வாசலில் கதிரை போட்டு இருக்கிற கிழவர்கள். “உதுக்குள்ளாலையோ நான் வந்தனான்?” என்று ஒருநாள் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். நீ உடனே பள்ளிக்கூட அட்லஸை எடுத்து வந்து, “எந்த ரோட் அப்பா?” என்று கேட்டாய். எனக்கு எப்படித் தெரியும்? “ஒரு ஏத்தம் இருந்தது, பேந்து ஒரு இறக்கம் இருந்தது,” என்றேன். நீ அதையும் நம்பி மலை மலையாகத் தேடிக்கொண்டிருந்தாய்.

அந்த ரேஸில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. ஊரில் பள்ளிக்கூட ரிப்போர்ட் வந்தால் எங்களிடம் யாரும் கணக்குக்கு எத்தனை, தமிழுக்கு எத்தனை என்று கேட்க மாட்டார்கள். ஒரே கேள்விதான்: “எத்தினையாம் பிள்ளை?” முதலாம் பிள்ளை என்றால் தலையைத் தடவுவார்கள். ஏழாம் பிள்ளை என்றால் பெருமூச்சு விடுவார்கள். அதற்குப் பிறகு என்றால் கதையை மாற்றுவார்கள். ரேஸைப் பார்க்கும்போதும் என் வாயில் அதுதான் வரும். நூற்றுச் சொச்சம் பேர் ஓடுகிறார்கள், யார் முதலாம் பிள்ளை? நீ பொறுமையாகச் சொல்லுவாய், ஒரு குழுவில் முக்கால்வாசிப் பேர் தாங்கள் வெல்ல ஓடுவதில்லை, ஒருவனை வெல்ல வைக்க ஓடுகிறார்கள் என்று. அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், காற்றை மறித்துக்கொண்டு முன்னால் போவார்கள், அவனுடைய டயர் போனால் தங்கள் சில்லைக் கழற்றிக் கொடுப்பார்கள். “அப்ப வேலைக்காரர் எண்டு சொல்லு,” என்றேன். உன் முகம் சுருங்கியது. “அவங்கள் இல்லாட்டி ஒருத்தரும் வெல்ல ஏலாது அப்பா,” என்றாய். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொன்னதைக் காதில் வாங்காமல் அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டேன்.

பதினாறு வயதில் நீயே ஒரு கிளப்பில் சேர்ந்து ஓடினாய். எசெக்ஸ் பக்கம் ஏதோ ஒரு ஊரில் ரேஸ், நல்ல மழை. நான் ஷிப்ட் முடிந்து யூனிபோமோடு வந்து காருக்குள் இருந்து பார்த்தேன். நீ சேறும் சகதியுமாக வந்து யன்னலைத் தட்டினாய். முகம் முழுக்கச் சிரிப்பு. ஊரில் என்றால் அந்தச் சிரிப்புக்குக் குறைந்தது மூன்றாம் பிள்ளை. “எத்தினையாம் ஆள்?” என்று கேட்டேன். “முப்பத்தொண்டு,” என்றாய். “எத்தினை பேர் ஓடினது?” “முப்பத்தினாலு. ஆனா அப்பா, எங்கடை கிளப் பெடியன் ரெண்டாவதா வந்தவன், நான்தான் அவனைக் கடைசி மலை வரைக்கும்...” உன்னைச் சொல்லி முடிக்க நான் விடவில்லை. “உதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? போய் இருந்து படி,” என்றேன். நீ பின் சீட்டில் ஏறினாய். அந்தச் சிரிப்பு போன மாதிரியை நான் கண்ணாடியில் பார்த்தேன், பார்த்துக்கொண்டே காரை எடுத்தேன். அடுத்த கிழமை உன் சைக்கிளைக் கராஜில் வைத்துப் பூட்டினேன், பரீட்சை முடியும் வரைக்கும் என்று சொல்லி. பரீட்சை முடிந்தது, டொக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது, நீ ஸ்கொட்லாந்துக்குப் போனாய். பூட்டைத் திறக்க நானும் மறந்தேன், நீயும் கேட்கவில்லை. நீ மறந்திருக்க மாட்டாய் என்று இப்போது நினைக்கிறேன்.

நாலாம் வருஷம் நீ பெட்டியோடு வந்து வாசலில் நின்று, “ஏலாது அப்பா,” என்று சொன்னாய். மெலிந்துபோய், கண் உள்ளே போய் நின்றாய். எத்தனை மாதமாக ஏலாமல் இருந்தாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, “பெரியப்பாவுக்கு என்ன சொல்லுறது?” என்று. தம்பி, இந்த ஒன்றுக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதை எல்லாம் வளர்ப்பு, பயம், ஊர்ப்பழக்கம் என்று எப்படியாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். இதைச் சமாளிக்க எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டாள்.

ஈஸ்ட் ஹாமில் இருக்கிற உன் பெரியப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பிறகு பொய்யாகிப் போனது. “மகன் எப்பிடி?” “டியூட்டியிலை நிக்கிறான் அண்ணை.” “எந்த ஆஸ்பத்திரி?” “இப்ப மாறிட்டான்.” ஏழு வருஷத்தில் உன்னை நான் எத்தனை ஆஸ்பத்திரிக்கு மாற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஒருமுறை முழங்கால் வலிக்கு மகனிடம் கேட்டுச் சொல்லு என்றார். நான் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போன் எடுத்து, எள்ளெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல்லுகிறான் என்றேன். வலி குறைந்துவிட்டதாம். கோயிலில் எல்லோருக்கும் உன்னைப் புகழ்ந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பஸ்ஸுக்கு இருந்த பிரேக் உங்கடை வாய்க்கு இல்லையப்பா,” என்றாள். நான் சிரித்தேன். நீ மேல் மாடியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருப்பாய் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

பிறகு போன ஜூலை. நான் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதற்கு நீ எனக்குத் தந்த பரிசு. என்னைக் காரில் ஏற்றி, கப்பலில் கடந்து, அல்ப்ஸ் மலைக்குக் கொண்டுபோனாய். பிரான்சில் முதல்முறையாக யன்னலோரத்தில் இருந்து போனேன். சிரிக்காதே, இரண்டு இடத்தில் எனக்குக் கண் கலங்கியது, வெயில் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். மலை ரோட்டில் காலையிலேயே மடக்குக் கதிரையை விரித்து, அம்மா கட்டித் தந்த பாணையும் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம். டிக்கெட் இல்லை, கேட் இல்லை. பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவி எனக்குச் செர்ரிப்பழம் தந்தாள், நான் அவளுக்குச் சம்பல் கொடுத்தேன், பாவம் அவள் ஒரு போத்தல் தண்ணீர் குடித்தாள். மத்தியானம் விளம்பர வண்டிகள் தொப்பி எறிந்துகொண்டு போயின. அறுபத்தாறு வயதில் ஒரு தொப்பிக்காக நான் குனிந்து ஓடினேன். அந்த ரேஸில் அப்படி என்ன இருக்கிறது என்று இனி யாரும் என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியும். வருகிறவன் யாரென்றே தெரியாமல் அவனுக்காகக் காலையில் இருந்து காத்திருக்கிற சனம் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் கிடைக்காது.

முன்னுக்கு வந்தவர்கள் போனார்கள். கை வலிக்கத் தட்டினேன். முடிந்தது என்று கதிரையை மடக்கினேன். “இருங்கோ அப்பா, பஸ் இன்னும் வரேல்லை,” என்றாய். எந்தப் பஸ், மலைக்கு யார் பஸ் விடுகிறார்கள் என்று நான் ரோட்டை எட்டிப் பார்த்தேன். முப்பது நிமிஷத்துக்கு மேல் போனது. பிறகு ஒரு பெரிய கூட்டமாக வந்தார்கள். மலை ஏற முடியாத பாரமான ஆட்கள், தண்ணீர் சுமந்து களைத்தவர்கள், முதல்நாள் விழுந்து முழங்கை கட்டியவர்கள். ஒருவரும் ஒருவரையும் முந்தவில்லை. முதலாமவன் வந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் மேலே போய்ச் சேராவிட்டால் அடுத்த நாள் ஓட விட மாட்டார்கள், அதனால் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து போகிறார்கள் என்று நீ விளங்கப்படுத்தினாய். அந்தக் கூட்டத்தைத்தான் ரேஸ்காரர் பஸ் என்பார்களாம். “முன்னுக்கு வாறாரே, அந்த வயசுபோனவர், அவர்தான் டிரைவர். கெதியா ஓடினால் பின்னுக்கு நிக்கிறவன் விடுபட்டுப் போவான், மெல்ல ஓடினால் எல்லாருக்கும் நேரம் தவறும். அவர்தான் கணக்குப் பார்க்கிறவர்,” என்றாய். நான் அவரைப் பார்த்தேன். தாடையில் உப்புப் படிந்து, ஒரு கண் கைக்கடிகாரத்திலும் ஒரு கண் பின்னாலும். தம்பி, அந்த வேலை எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். முதலாம் பிள்ளை போனபோது தட்டியதைவிடப் பலமாகத் தட்டினேன், எழும்பி நின்று, “போங்கோ! போங்கோ!” என்று தமிழில் கத்தினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அது பதினாறு வயதில் கார் யன்னலில் பார்த்த அதே சிரிப்பு.

கை தட்டிய சூடு ஆறவில்லை. கீழே இறங்கும்போது பாரிசில் இருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று பிளாஸ்கோடு நின்றது. எங்கள் குரலைக் கேட்டு மறித்துத் தேத்தண்ணி தந்தார்கள். “அண்ணை ஊரிலை எவ்விடம்?” என்று தொடங்கி, அதில் ஒருவன் உன்னைக் காட்டி, “மகன் என்ன செய்யிறார்?” என்று கேட்டான். முன்பின் தெரியாதவன். திரும்ப ஒருநாளும் காணப்போவதில்லை. அவனுக்குப் பொய் சொல்லி எனக்கு ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. நீ பக்கத்தில் கோப்பையோடு நின்றாய். என் வாய், “டொக்டர்,” என்றது. நீ கோப்பையை அவர்களிடம் கொடுத்து நன்றி சொல்லிவிட்டுக் காருக்குப் போனாய். திரும்பி வரும் வழியில் கப்பலில் மட்டும், “கலியாணக் கார்டிலை உதைப் போட்டால் நான் அந்தக் கலியாணத்துக்கு இல்லை அப்பா,” என்றாய். “சரி சரி,” என்றேன். நான் சரி என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாததா?

ஏன் போட்டேன்? அச்சகத்தில் உன் பேரை எழுதிக் கொடுத்தபோது அது வெறுமையாகத் தெரிந்தது. சொந்தக்காரர் வீடுகளில் எனக்கு வருகிற கார்டில் எல்லாம் பேருக்கு முன்னாலும் பின்னாலும் ஏதாவது இருக்கும். என் பேனா தானாக எழுதியது என்று சொல்ல ஆசைதான். பேனாவுக்கு என்ன தெரியும்? நான்தான் எழுதினேன். உன்னில் குறை என்று நினைத்து எழுதவில்லை. வெறும் பஸ் டிரைவர்தானே என்று யாராவது என்னைக் குறைவாக நினைப்பார்கள் என்று பயந்து உன்னை எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், இவ்வளவு வருஷமும். இது எனக்கு விளங்கவே நீ கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டியில் இருந்த கார்டுகளில் பட்டத்தை மட்டும் பேனாவால் வெட்டிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “நல்ல காரியத்துக்கு வெட்டின கார்ட் குடுக்கிறதோ? எல்லாத்தையும் திரும்ப அடியுங்கோ,” என்றாள். ஈஸ்ட் ஹாமுக்குப் போய் அச்சகத்தில் புதுசாகக் கொடுத்தேன். அங்கே இருந்த பெடியன், “ஐயா, மாப்பிள்ளைக்குப் பட்டம் ஒண்டும் இல்லையோ?” என்றான். “பேர் இருக்குத்தானே,” என்றேன். நேற்றுக் கார்ட் வந்தது. முதல் கார்டை முதல் பொய் சொன்ன வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று பெரியப்பா வீட்டுக்குப் போனேன். வெற்றிலைத் தட்டோடு கார்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “டொக்டர் எண்டதை விட்டிட்டாங்கள் போல,” என்றார். “அவன் டொக்டர் இல்லை அண்ணை. சைக்கிள் திருத்துறவன்,” என்றேன். குரல் எங்கேயோ உள்ளே போய்விட்டது. “என்ன?” என்றார். இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னேன், குசினிக்குள் நின்ற பெரியம்மாவும் வெளியே வரும் அளவுக்கு.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப என்ரை முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொன்னது ஆர்?” என்றார். “நான்தான்.” “ஏழு வருஷம் எனக்கே பொய் சொல்லியிருக்கிறாய்.” “ஓம் அண்ணை.” அவர் சிரிக்கவில்லை. கோபம், சரியான கோபம். கலியாணத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெரியம்மா வைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.  ஆனால் ஒன்று சொல்லட்டுமா, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வரும்போது அடுத்தமுறை என்ன சொல்வது என்று நான் யோசிக்கவில்லை.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் இப்போதுதான் கற்றேன். அபிராமி நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டால், நிற்கிற இடத்தைச் சொல். பின்னால் நிற்கிறாய் என்றால் பின்னால் என்று சொல். அவள் காத்துக்கொண்டு நிற்பாள், அந்தப் பிள்ளையின் முகத்தில் அது தெரிகிறது. இந்தக் கடிதத்தை நீ அவளுக்குக் காட்டலாம், யாருக்கும் காட்டலாம். இனி ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்னும் நாற்பது வீட்டுக்குக் கார்ட் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு வெளிக்கிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, நான் தனியாகத்தான் போக வேண்டும். நீ வா. மலையில் நான் ‘டொக்டர்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னபோது நீ பக்கத்தில் நின்று கேட்டாய். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது, “மகன் என்ன செய்யிறார்?” என்று கேட்கத்தான் போகிறார்கள். நீ ஒன்றும் பேச வேண்டாம். நான் என்ன சொல்கிறேன் என்று நீ பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் தம்பி.

அப்பா